மரையில் கிரீஸ் தடவும் தோழர்களுக்கு

பானா பிடிக்கும் தோழர்களே,

லாரிப் பட்டறை, பஸ் டிப்போ, டயர் கடை, பைக் ஒர்க்‌ஷாப் என்று நீங்கள் எங்கே நின்றாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். முதலாளிகளிடமும் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. அதைக் கடைசியில் நாலு வரியில் முடித்துக்கொள்கிறேன். நட்டை முறுக்குவது உங்கள் கை. அந்த நட்டை நம்பிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போகிறவருக்கு உங்கள் பேர்கூடத் தெரியாது. அதனால் உங்களிடமே நேராகப் பேசிவிடுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம். ஸ்டட் உடைந்து வந்தால் "டூப்ளிகேட் மெட்டீரியல் சார்" என்கிறீர்கள். பிளக்கைக் கழற்றும்போது மரையும் சேர்ந்து வந்தால் "இந்த மாடல் ஹெட்டே அப்படித்தான்" என்கிறீர்கள். வீல் நட்டு லூஸ் ஆனால் டிரைவர் ஓவர்லோடு ஏற்றினார் என்று பழி போகிறது. சில நேரம் இதெல்லாம் உண்மையாகவும் இருக்கும். சந்தையில் போலி போல்ட் இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அந்த மரையில் கடைசியாக யார் என்ன தடவினார், தடவிய பிறகு எந்த எண்ணுக்கு முறுக்கினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உடைந்த ஸ்டட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தால் செம்பு நிறத்தில் ஆன்ட்டி-சீஸ் பளபளக்கும். பக்கத்துப் பெட்டியில் நல்ல டார்க் ரெஞ்ச் இருக்கும். சுவரில் சார்ட்டும் தொங்கும். "சார்ட்ல இருக்கிற மாதிரியே போட்டோம்" என்பீர்கள். அப்படித்தான் போட்டிருப்பீர்கள், சந்தேகமில்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சார்ட்டில் உள்ள எண் எதற்காக என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சுமை ஏற்றிய லாரியில் தார்ப்பாய்க்கு மேல் கயிறு போட்டு இழுத்துக் கட்டுகிறீர்கள். சரக்கைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கயிற்றின் விறைப்பு. முடிச்சின் வேலை அந்த விறைப்பு விட்டுப்போகாமல் காப்பது மட்டும்தான். போல்ட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. நட்டை முறுக்க முறுக்க போல்ட் நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்கப் பார்க்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் டிஸ்க்கை ஹப்போடும், ஹெட்டைப் பிளாக்கோடும் அழுத்திப் பிடிக்கிறது. நீட்சி மிகச் சிறியது: சரியாக முறுக்கிய ஒரு 12 எம்.எம். போல்ட்டில் 50 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. அதை நேரடியாக அளப்பது பட்டறையில் எளிதில்லை என்பதால்தான் முறுக்குவிசையை அளக்கிறோம். நமக்கு வேண்டியது ஒன்று, அளப்பது இன்னொன்று.

அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது உராய்வு. நீங்கள் ரெஞ்சில் இழுக்கும் பலத்தை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், சுமார் ஐம்பது பங்கு நட்டின் அடிப்பக்கம் வாஷரில் தேய்வதிலேயே போய்விடுகிறது. நாற்பது பங்கு மரைக்குள் தேய்வதில் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்துப் பங்குதான். இதைப் பயிற்சிப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் நம்ப மாட்டார்கள்; நீங்களும் நம்ப வேண்டியதில்லை, காய்ந்த நட்டையும் கிரீஸ் போட்ட நட்டையும் அடுத்தடுத்து முறுக்கிப் பாருங்கள். தொண்ணூறு பங்கைத் தின்கிற இடத்தில் நீங்கள் வழுக்கலைக் கொண்டுவந்து தடவினால், மிச்சமாகும் பலம் போல்ட்டின் தலையில்தான் விழும். உராய்வு குறையக் குறைய இழுவிசை ஏறிக்கொண்டே போகும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 12 எம்.எம்., சாதா மரை, தலையில் 8.8 என்று அடித்த போல்ட். உங்கள் டப்பாவில் இப்போதும் கிடக்கும். இது தாங்குவதாக உறுதி சொல்லப்பட்ட பாரம் ஏறக்குறைய 5 டன். அதில் முக்கால் பங்கு, அதாவது 3¾ டன் இழுவிசை வரும்படி முறுக்குவது வழக்கம். எதுவும் தடவாத எஃகு மரைக்கு உராய்வுக் காரணி 0.20 என்று வைத்துத்தான் பெரும்பாலான பொது சார்ட்டுகள் கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கணக்கில் 88 நியூட்டன் மீட்டர் வருகிறது. எண்ணெய் தடவினால் காரணி 0.15 அளவுக்கு இறங்கும். இப்போதும் 88-க்கே முறுக்கினால் இழுவிசை 5 டன்னுக்குப் போய்விடும். போல்ட் தன் எல்லையில் நிற்கும். காப்பர் ஆன்ட்டி-சீஸ் போன்றவை காரணியை 0.13 அளவுக்கும் இறக்கும். அதே 88 இப்போது 5¾ டன். அந்த போல்ட் நிரந்தரமாக நீள ஆரம்பிப்பதே 5½ டன்னில். முறுக்கும்போது ஏறும் திருகல் விசையை இதில் நான் சேர்க்கக்கூட இல்லை.

ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. "டிக்" என்று சரியான இடத்தில்தான் சொன்னது. நல்ல டார்க் ரெஞ்ச் கூட்டிக் குறைத்து நூற்றுக்கு நாலு பிசகும், அவ்வளவுதான். மரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முறுக்கும்போது இழுவிசையில் வரும் பிசகோ நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது. (டிக் சத்தம் வந்த பிறகு "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு இழுப்பு இழுக்கிறீர்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

நீங்கள் ஏன் தடவுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மழைக்காலத்தில் ஓடிய வண்டி. ஸ்டட்டெல்லாம் துரு. நடுராத்திரி பைபாஸில் பஞ்சர். வீல் ஸ்பானரில் பைப்பைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று குதித்தாலும் நட்டு அசையாது. அந்த அவஸ்தையை அனுபவித்தவன் அடுத்த முறை மாட்டும்போது கிரீஸ் டப்பாவைத் தேடத்தான் செய்வான். அது சோம்பேறித்தனமும் இல்லை, அறியாமையும் இல்லை. அடுத்தவன் கழற்ற வேண்டுமே என்கிற கரிசனம். சைலன்சர் மேனிஃபோல்டு ஸ்டட்டில் ஆன்ட்டி-சீஸ் தடவாமல் மாட்டினால் அடுத்த முறை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை ஒன்றும் தடவாமல் ஏர் கன்னில் ஓட்டினால் பாதி வழியிலேயே ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு சீஸ் ஆகிவிடும். முன்னும் போகாது, பின்னும் வராது. ஆகவே டப்பாவைத் தூக்கி எறியச் சொல்லி இதை எழுதவில்லை. தடவினால் எண் மாறும் என்பதை மறக்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

வீல் நட்டுக்கு வருவோம். உயிர் போகிற இடம் அதுதான். கார், வேன் சக்கரங்களில் சாய்வாகவோ குண்டாகவோ உட்காரும் நட்டு இருக்கும். அவற்றுக்கு மரையும் உட்காரும் இடமும் உலர்ந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. எண்ணெய் பட்டால் இழுவிசை கூடி ஸ்டட் நீளும், டிஸ்க்கில் நட்டு உட்காரும் குழி நசுங்கும், நட்டைப் பிடித்து நிறுத்த அந்தச் சரிவில் இருந்த உராய்வும் போய்விடும். ஒருமுறை எல்லை தாண்டி நீண்ட ஸ்டட் பழைய நிலைக்குத் திரும்பாது. அடுத்த முறை அதே எண்ணுக்கு முறுக்கினாலும் பழைய பிடிப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பிடிப்பு இல்லாத நட்டு ஓட்டத்தில் தானாகக் கழலும். "ரொம்ப டைட்டாத்தானே வச்சோம், எப்படி சார் லூஸ் ஆச்சு?" என்று கேட்பீர்களே, ரொம்ப டைட்டாக வைத்ததால்தான் லூஸ் ஆனது.

கனரக வண்டியில் நிலைமை தலைகீழ். ஹப்பின் நடு விளிம்பில் டிஸ்க் உட்காரும் வகையில், நட்டோடு வாஷர் பிரியாமல் சேர்ந்து, ஆனால் தனியாகச் சுழலும்படி இருக்கும். இந்த வகைக்கு அமெரிக்க டிரக் சக்கரக் கையேடுகள் எண்ணெய் விடவே சொல்கின்றன: நட்டுக்கும் அதன் வாஷருக்கும் நடுவில் இரண்டு சொட்டு, மரையின் நுனியில் இரண்டு சொட்டு, சாதாரண என்ஜின் ஆயில். 22 எம்.எம். ஸ்டட்டுக்கு அவர்கள் தரும் 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் என்கிற எண், எண்ணெய் விட்டதாக வைத்துப் போட்ட எண். அந்த வாஷர் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக்கொண்டிருக்க, உலர்ந்த மரையில் அதே எண்ணுக்கு முறுக்கினால் பிடிப்பு பற்றாது. அதே கையேடுகள் பழைய குண்டு நட்டு வகைக்கு உலர்வாக மாட்டு என்கின்றன. ஒரே பட்டறை, ஒரே ரெஞ்ச், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டி, இரண்டு விதி. உங்கள் வண்டிக்கு எது என்பதை அதன் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நானும் சொல்லக் கூடாது, பக்கத்துப் பட்டறை மேஸ்திரியும் சொல்லக் கூடாது.

டிஸ்க் ஹப்பில் ஒட்டிக்கொள்கிறது என்ற தொல்லைக்கும் அங்கேயே வழி இருக்கிறது. ஹப்பின் நடு விளிம்பில், டிஸ்க்கின் ஓட்டை வந்து உட்காரும் அந்த வளையத்தில் மட்டும், மெல்லிசாகத் தடவுங்கள். டிஸ்க்கும் ஹப்பும் முகத்தோடு முகம் ஒட்டும் பரப்பில் படக் கூடாது. கம்பி பிரஷ் போட்டு ஸ்டட்டைத் தேய்த்துத் துரு எடுக்கும் வேலையைப் பையனிடம் தள்ளிவிட்டு மறந்துவிடாதீர்கள். கிரீஸ் செய்யும் என்று நீங்கள் நினைக்கும் வேலையில் பாதியை அந்த பிரஷ் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியேதான். எஃப்.சி. காட்டப் போகும் வண்டிக்கு டிஸ்க்கையெல்லாம் பளிச்சென்று பெயின்ட் அடிக்கிறீர்கள். ஹப்போடு ஒட்டும் முகத்திலும், நட்டு உட்காரும் இடத்திலும் கோட் மேல் கோட். ஸ்டட்டின் நீட்சியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றேன். நடுவில் நாலு பெயின்ட் படலம் அழுந்தி ஒடுங்கினால் அந்த நீட்சியில் என்ன மிஞ்சும்? வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள். ஒட்டும் முகங்களை விட்டுவிடுங்கள்.

பைக் மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அலுமினிய ஹெட்டில் பிளக் மாட்டும்போது ஆன்ட்டி-சீஸ் தடவுவது பழைய காலத்துப் பழக்கம். இப்போது வரும் பிளக்குகளின் மரைக்கு முலாம் பூசித்தான் அனுப்புகிறார்கள். அந்த முலாமே ஒட்டாமல் காக்கும். என்.ஜி.கே. நிறுவனம் தன் பிளக்குக்கு எதுவும் தடவ வேண்டாம் என்றே சொல்கிறது. தடவினால் முறுக்கு தேவைக்கு மேல் ஏறி பிளக்கின் உடல் நீளும், மரை முறியும் என்று எச்சரிக்கவும் செய்கிறது. ஹெட்டில் மரை போனால் அதை மறுபடி போட எவ்வளவு செலவு, கஸ்டமரிடம் எவ்வளவு பேச்சு என்று உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "சரி, எண்ணெய் பட்டால் இருபது முப்பது சதவீதம் குறைத்துவிட்டால் போச்சு" என்று ஒரே விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிலும் பள்ளம் இருக்கிறது. ஹெட் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல என்ஜின்களில் மரையிலும் தலைக்கு அடியிலும் எண்ணெய் தடவித்தான் மாட்ட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கும். அங்கே கொடுத்த எண் எண்ணெய்க்குக் கொடுத்த எண். அதிலிருந்து நீங்கள் மறுபடி குறைத்தால் ஹெட் கேஸ்கெட் போகும். எண்ணெய் தடவ மறந்து உலர்வாக முறுக்கினால், மேலே போட்ட கணக்குப்படி பிடிப்பில் கால்வாசி போய்விடும். அப்போதும் கேஸ்கெட்தான் போகும், பழி கேஸ்கெட் கம்பெனி மேல் விழும். எண்ணெயைத் துளைக்குள் ஊற்றுவது இன்னும் மோசம். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கினால் அது அழுந்தாது; முறுக்குகிற பலத்தில் பிளாக்கே விரிசல் விடும். ஒரு எண்ணுக்கு முறுக்கி, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லும் என்ஜின்களைப் பார்த்திருப்பீர்கள். உராய்வை நம்ப முடியாது என்று தெரிந்துதான் அந்த முறையைக் கொண்டுவந்தார்கள். மரையின் கோணம் மாறாது. இத்தனை டிகிரி திருப்பினால் இத்தனை நீட்சி. அங்கேகூட முதல் எண் எண்ணெயைப் பொறுத்ததுதான்.

"உலர்" என்றால் என்ன என்பதிலும் நமக்குள் குழப்பம். எல்லாச் சாமானையும் டீசலில் கழுவி எடுத்து அப்படியே மாட்டுவது நம் பட்டறை வழக்கம். டீசல் காய்ந்த பிறகும் ஒரு எண்ணெய்ப் படலம் நிற்கும். அது உலர் மரை இல்லை. அதற்காகப் பெட்ரோலில் ஊறப்போட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்தாலும் தப்பு. உராய்வு தேவைக்கு மேல் ஏறிவிடும். பெட்டியைப் பிரித்துப் புது போல்ட்டைக் கையில் எடுத்தால் விரலில் லேசாக ஒரு பிசுக்கு ஒட்டுமே, பொதுவாக "உலர்" என்று சொல்வது அந்த நிலையை. மேலே நாமாக எதையும் சேர்க்காத நிலை. டீசலில் கழுவியதை நல்ல துணியால் மரை மரையாகத் துடைத்து மாட்டினால் போதும்.

"இருபது வருஷமா கை அளவுலதான் சார் முறுக்குறோம், ஒண்ணும் ஆகலை" என்கிற பதிலையும் எதிர்பார்க்கிறேன். உங்கள் கையை நான் மதிக்கிறேன். முறுக்கு ஏறாமல் நட்டு சும்மா சுற்ற ஆரம்பித்ததும் சட்டென்று கையை எடுக்கிற அனுபவஸ்தர்களைப் பார்த்திருக்கிறேன். "டிக்" என்று சொல்லும் ரெஞ்சுக்கு அது வராது. ஆனால் கை உணர்வதும் முறுக்குவிசையைத்தான். உலர்ந்த மரையில் பழகிய கை, கிரீஸ் போட்ட மரையிலும் அதே இறுக்கம் கிடைக்கும்வரை இழுக்கும். ரெஞ்ச் ஏமாந்த இடத்தில் கையும் ஏமாறும். ஏர் கன்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதற்கு எண்ணும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. நட்டை ஓட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க அது போதும். கடைசி முறுக்கை அதனிடம் விடாதீர்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். சுவரில் தொங்கும் சார்ட்டைக் கழற்றி மேசையில் வையுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பேனாவால் எழுதுங்கள்: "உலர்" அல்லது "எண்ணெய்". கையேட்டில் தெளிவாக இருப்பதை மட்டும் எழுதுங்கள். தெரியாத எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, கம்பெனி சர்வீஸ்காரரிடம் கேட்டு நிரப்புங்கள். கேள்விக்குறி போட்ட இடத்தில் அதுவரை எதையும் தடவ வேண்டாம். வீல் நட்டில் சொந்தக் கணக்கும் வேண்டாம். கையேடு உலர் என்றால் உலர்தான்.

உலர் எண் கொடுத்த வேறு ஏதாவது இடத்தில் ஆன்ட்டி-சீஸ் தடவியே ஆக வேண்டும் என்றால், அந்த டப்பாவின் விவரத் தாளில் அதன் உராய்வுக் காரணி இருக்கும்; டீலரிடம் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணைப் புதுக் காரணியால் பெருக்கிப் பழைய காரணியால் வகுத்தால் புது எண். மேலே சொன்ன 88, 0.13-க்கு 57 ஆகும். அந்த 57-ஐ மார்க்கரால் டப்பாவின் மேலேயே எழுதி வைக்கலாம். பட்டறைக்கு ஒரே ஆன்ட்டி-சீஸ் வைத்துக்கொள்ளுங்கள்; காப்பரும் மாலியும் நிக்கலும் கலந்து கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வரும்.

ஜாப் கார்டில் முறுக்கிய எண்ணை எழுதும் வழக்கம் இருப்பவர்கள், அதன் பக்கத்தில் மரையின் நிலையையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். "600, எண்ணெய்." "110, உலர்." ஆறு மாதம் கழித்து அந்த நட்டைத் தொடப்போகிறவர் வேறு ஆள். சக்கரம் கழற்றி மாட்டிய லாரியை 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி நட்டை ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்கச் சொல்லி டிரைவரிடம் ஒரு சீட்டு கொடுங்கள். அந்தச் சீட்டிலும் எண்ணையும் நிலையையும் எழுதுங்கள். வழியில் எந்த ஊர் டயர் கடையில் நிறுத்தினாலும் அங்கே இருக்கிற தோழருக்கு அது போதும்.

முதலாளிகளுக்கு நான் சொன்ன நாலு வரி இதுதான். ஒரு வண்டியின் சக்கரத்தைச் சுத்தம் செய்து, பிரஷ் போட்டு, ரெஞ்ச் வைத்து மாட்ட ஏர் கன்னில் அடிப்பதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தை உங்கள் ஆட்களுக்குக் கொடுங்கள், அதற்கும் சேர்த்துக் கஸ்டமரிடம் கூலியைக் கேளுங்கள். டார்க் ரெஞ்சை வருடத்துக்கு ஒருமுறையாவது கேலிபரேஷனுக்கு அனுப்புங்கள். அது திரும்பி வரும்வரை மாற்று ரெஞ்ச் ஒன்று பட்டறையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு பழைய ஃபிட்டர் வாத்தியார்